எண்கள் வரையும் படம்

எண்ணூறு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய தாள் ஒன்றை ஒருவர் நம் கையில் தந்தால் நாம் என்ன செய்வோம்? முதல் பத்து எண்களைக் கருத்தோடு படிப்போம். அடுத்த பத்தைக் கண்ணால் மட்டும் கடப்போம். அதன்பின் தாளை மடித்து வைத்துவிடுவோம். அவ்வெண்களையே ஒரு கோடாக வரைந்து காட்டினால், ஏறியது எங்கே, இறங்கியது எங்கே, நின்றது எங்கே என்பதை நொடிப்பொழுதில் உணர்ந்துகொள்வோம். எண்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறிவின் வாயிலில் தடைப்பட்டு நின்றவை கண்ணின் வழியே உள்ளே புகுந்தன, அவ்வளவே வேறுபாடு.

இவ்வுண்மையை நன்குணர்ந்து பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர், ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேபேர் என்பவர். அவர் 1786ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு நூலை வெளியிட்டார். அதில் 44 படங்கள் இருந்தன. அவற்றுள் 43 படங்கள், வாணிகக் கணக்கு முதலியவை ஆண்டுக்கு ஆண்டு மாறியதைக் கோடுகளாகக் காட்டின. எஞ்சிய ஒன்று மட்டும் வேறு வகையாக அமைந்தது. ஸ்காட்லாந்து பிற நாடுகளோடு செய்த வாணிகத்திற்கு ஓர் ஆண்டுக் கணக்கே அவருக்குக் கிடைத்தது. ஓர் ஆண்டின் கணக்கைக் கொண்டு காலக்கோடு இழுப்பது இயலாதன்றோ? ஆகவே அவர் ஒவ்வொரு நாட்டுக்கும் நீண்ட பட்டைகளை வரைந்து, அவற்றின் நீளத்தால் வாணிகத்தின் அளவைக் காட்டினார். கையிலுள்ள கணக்கின் அமைப்பே படத்தின் அமைப்பை முடிவு செய்தது. படம் வரைய விரும்புவோர் முதலில் உளங்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

பிளேபேரின் படங்கள் செப்புத் தகடுகளில் செதுக்கப்பட்டு அச்சேறின. ஓர் எண் பிழையென்று பின்னர்த் தெரிந்தால் தகட்டைத் திருத்த வேண்டும். புதிய ஆண்டின் கணக்கு வந்தால் மீண்டும் செதுக்க வேண்டும். இன்று கணிப்பொறி அவ்வேலையைத் தானே செய்கிறது. மனிதன் படத்தை வரைவதில்லை. படம் வரையும் முறையை வகுத்துக் கொடுக்கிறான். எண்களைப் பெற்று, அம்முறைப்படி படங்களை வரைந்து, அவற்றை இணையப் பக்கங்களாக ஆக்கி வைக்கும் கருவியை நிலைத்தள ஆக்கி என்று கூறலாம். அதனை எவ்வாறு வகுப்பது என்பதையே இங்குக் காணப் போகிறோம்.

இணையப் பக்கங்களை வாசகர்க்கு அளிக்க இரண்டு வழிகள் உண்டு. உணவு விடுதியில், வந்தவர் கேட்ட பிறகு தோசைக்கல்லில் மாவை ஊற்றுகிறார்கள். திருமண வீட்டிலோ பந்தி தொடங்குமுன்பே சமையல் முடிந்துவிடுகிறது. இலை போட்டதும் பரிமாறுவதே எஞ்சிய வேலை. முதல் வகைத் தளங்களில், வாசகர் ஒவ்வொருவரும் கேட்கும்போதெல்லாம் கணிப்பொறி தரவைத் தேடி, பக்கத்தைப் புதிதாகச் சமைத்துத் தருகிறது. இரண்டாம் வகைத் தளங்களில், பக்கங்கள் யாவும் முன்னரே ஆக்கி வைக்கப்பட்டுள்ளன. யார் கேட்டாலும் அதே பக்கத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். இவ்விரண்டாம் வகையே நிலைத்தளம். இணையம் தோன்றிய நாளில், அதாவது 1991ஆம் ஆண்டையொட்டி, பக்கங்கள் பெரும்பாலும் இவ்வாறே எழுதி வைக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் பக்கங்கள் பெருகவே, கையால் எழுதுவது இயலாததாயிற்று. அவற்றை ஆக்கித் தரும் கருவிகள் பல எழுந்தன. 2008இல் வெளிவந்த ஜெக்கில், 2013இல் வெளிவந்த ஹியூகோ ஆகியவை அவற்றுள் பலரும் அறிந்தவை.

ஒரு சான்றைக் கையில் எடுத்துக்கொண்டால் இப்பொருள் தெளிவாக விளங்கும். பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்னும் எரிமலை உள்ளது. அதன் சாரலில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், ஒரு காற்றாய்வு நிலையம் இருக்கிறது. சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அறிஞர் 1958ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்கே காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். உலர்ந்த காற்றில் பத்து இலட்சம் மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஏறத்தாழ 315.7 கரியமில வாயுவாக இருந்ததென்று அத்திங்களின் சராசரி காட்டிற்று. வாயு ஆண்டுதோறும் மே மாதத்தில் மிகுகிறது. வடபாதி உலகின் மரஞ்செடிகள் கோடையில் அதனை உட்கொள்வதால், செப்டம்பர் அக்டோபரில் குறைகிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் சராசரியும் முந்தைய ஆண்டினதைவிட உயர்ந்தே வந்திருக்கிறது. 1959இல் 316 ஆக இருந்த ஆண்டுச் சராசரி 2024இல் 424ஐக் கடந்தது. மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டே மேல்நோக்கிச் செல்லும் அக்கோட்டிற்குக் கீலிங் வளைகோடு என்பது பெயர். உலகம் வெப்பமடைவது குறித்து நாடுகள் செய்யும் ஆய்வுகளில் இக்கோடு இடம்பெறாத இடம் அரிது. இத்தகைய கோடு பிழையாக வரையப்பட்டால் விளையும் தீங்கு சிறிதன்று.

இக்கணக்கைக் கொண்டு ஒரு நிலைத்தளத்தை அமைப்பதாகக் கொள்வோம். முதல் வேலை தரவை ஒழுங்குபடுத்துவது. ஒரு வரிக்கு ஒரு திங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, திங்கள், அளவு என்னும் மூன்றும் அதே வரிசையில் நிற்க வேண்டும். "1958, 5, 317.5" என்று ஒரு வரி இருந்தால், 1958ஆம் ஆண்டு மே மாத அளவு 317.5 என்று கணிப்பொறி ஐயமின்றி உணரும். ஒரு வரியில் ஆண்டு முன்னும், மற்றொரு வரியில் பின்னும் இருந்தால் மனிதன் ஊகித்துக்கொள்வான், கணிப்பொறி ஊகிக்காது. இவ்வாறு இடமறிந்து நிற்கும் எண்களையே கட்டமைந்த தரவு என்கிறோம். தரவில் வண்ணமோ எழுத்தின் பருமனோ அலங்காரமோ கலத்தலாகாது. அது வெறும் எண்ணாகவே, எவரும் எழுத்தாகத் திறந்து படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது வார்ப்புரு. முறுக்கு உரலில் மாவை இட்டு, அடித்தட்டை மாற்றினால், அதே மாவு ஒரு முறை தேன்குழலாகவும் மற்றொரு முறை ஓமப்பொடியாகவும் வெளிவருவதைக் கண்டிருக்கிறோம். தரவு மாவு, வார்ப்புரு அத்தட்டு. தலைப்பு எங்கே வருவது, படம் எங்கே அமைவது, விளக்கம் எங்கே நிற்பது என்பவற்றை அது வகுக்கிறது. 'இவ்விடத்தில் ஆண்டின் பெயர் வருக. இவ்விடத்தில் அவ்வாண்டின் படம் வருக' என்று வெற்றிடங்களை விட்டு ஒரே ஒரு வார்ப்புருவை எழுதி வைத்தால் போதும். 1958 முதல் 2024 வரையுள்ள 67 ஆண்டுகளுக்கும் 67 பக்கங்களை ஆக்கி நொடிகளில் முடித்துவிடும். பக்கத்தின் தோற்றத்தை மாற்ற விரும்பினால் வார்ப்புருவை மட்டும் திருத்தலாம். எண்ணைத் திருத்த நேர்ந்தால் தரவை மட்டும் திருத்தலாம். ஒன்றைத் தொடும் கை மற்றொன்றில் படுவதில்லை.

மூன்றாவது, எண்ணைப் படமாக்கும் வரைவிதி. படம் 360 அலகு உயரமுடையதெனக் கொள்வோம். அதன் அடிக்கோடு 310ஐயும் மேற்கோடு 430ஐயும் குறிக்கட்டும். இடைப்பட்ட 120 பங்குகளுக்கு 360 அலகு என்றால், ஒரு பங்குக்கு 3 அலகு ஆகிறது. 1958 மார்ச்சின் அளவாகிய 315.7, அடியிலிருந்து 5.7 பங்கு மேலே இருப்பது. ஆகவே அதன் புள்ளி 17.1 அலகு உயரத்தில் அமையும். 424 என்னும் அளவு 342 அலகு உயரத்தில் அமையும். இவ்வாறு எல்லாப் புள்ளிகளையும் குறித்து அவற்றை இணைத்தால் கோடு பிறக்கிறது. இதனை இணையத்தில் வரைவதற்கு எஸ்.வி.ஜி. என்னும் முறை பயன்படுகிறது. அதில் படம் வண்ணப் பொட்டுகளின் தொகுதியாக இராது. 'இப்புள்ளியிலிருந்து அப்புள்ளி வரை கோடு இடுக' என்னும் கட்டளைகளின் தொகுதியாகவே இருக்கும். அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்குவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கணக்கு ஏட்டில் நாம் உயரத்தைக் கீழிருந்து மேலாக அளக்கிறோம்; எஸ்.வி.ஜி. முறையிலோ மேலிருந்து கீழாக அளக்கிறார்கள். ஆகவே 17.1 என்னும் உயரத்தை 360இலிருந்து கழித்து, 342.9 என்று கொடுத்தல் வேண்டும். இதனை மறந்தால் ஏறும் கோடு இறங்கும் கோடாகத் தலைகீழாய்த் தோன்றும்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டே படம் வந்துவிடும். ஆனால் வந்த படம் உண்மையை உரைக்குமா என்பது வேறு கேள்வி. கீலிங்கின் கணக்கில் சில திங்களுக்கு அளவு இல்லை. 1964ஆம் ஆண்டில் பொருளுதவி குறைந்ததால் சில திங்கள் அளவை நின்றுபோயிற்று. கீலிங் பணியாற்றிய ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையம் வெளியிடும் தரவில், இத்தகைய திங்களுக்கு எதிரே -99.99 என்று குறித்திருக்கிறார்கள். அது அளவன்று, 'இங்கே அளவு இல்லை' என்பதற்கான அடையாளம். காற்றில் ஒரு பொருள் பூச்சியத்திற்கும் குறைவாக இருக்க முடியாது என்று மனிதனுக்குத் தெரியும். கணிப்பொறிக்குத் தெரியாது. நாம் சொல்லிவைக்காவிட்டால் அது -99.99ஐயும் ஓர் அளவாகக் கொள்ளும். எல்லா எண்களும் அடங்குமாறு அடிக்கோட்டைத் தானே கீழே இறக்கும். அப்போது -99.99 முதல் 430 வரை ஏறத்தாழ 530 பங்குகள் அதே 360 அலகுக்குள் அடங்க வேண்டியதாகும். 330 அலகு உயரம் ஏறிக் காட்ட வேண்டிய கோடு வெறும் 75 அலகே ஏறும். 1964இல் பாதாளம்போல் ஒரு பள்ளம் தோன்றும். அறுபது ஆண்டு உழைப்பு காட்டும் செய்தியை ஓர் அடையாள எண் மறைத்துவிடும்.

ஆகவே ஆக்கியை வகுப்போர், வரைவிதிக்கு முன்னே சோதனை என்னும் வாயிற்காவலனை நிறுத்துதல் வேண்டும். திங்கள் 1க்கும் 12க்கும் இடைப்பட்டதா? ஒரே திங்கள் இருமுறை வந்துள்ளதா? அளவு நம்பத்தக்க எல்லைக்குள் அடங்குகிறதா? அடையாள எண் ஏதேனும் உள்ளதா? இவற்றுள் எதிலேனும் பிழை கண்டால் ஆக்கி அவ்விடத்திலேயே நின்று, பிழை எந்த வரியில் உள்ளதென்று கூற வேண்டும். பிழையான படத்தை வெளியிடுவதைவிடப் படமே வெளியிடாதிருப்பது நன்று. அளவில்லாத திங்கள் வரும்போது கோட்டை அங்கே அறுத்து இடைவெளி விட வேண்டும். இருபுறத்துப் புள்ளிகளையும் இணைத்து இட்டு நிரப்புவதாயின், அது அளந்ததன்று, கருதியது என்று தெரியுமாறு புள்ளிக்கோடாக வரைய வேண்டும். இடைவெளி குறையன்று, 'அந்நாளில் நாங்கள் அளக்கவில்லை' என்னும் வாய்மொழி அது.

இன்னொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மௌனா லோவா எரிமலை வெடித்தது. நிலையத்திற்குச் செல்லும் பாதையையும் மின்கம்பியையும் எரிகுழம்பு துண்டித்தது. அளவை அங்கே நின்றது. அண்மையிலுள்ள மௌனா கியா என்னும் மலையின்மீது சில திங்கள் அளந்து கணக்கைத் தொடர்ந்தனர். இதனை எதிர்பாராமல் ஆண்டு, திங்கள், அளவு என்னும் மூன்றோடு தரவை முடித்துவிட்டால், இடம் மாறிய செய்தியை எங்கே எழுதுவது? ஆகவே 'அளந்த இடம்' என்று நான்காவது பத்தியொன்றும் தரவில் இருத்தல் வேண்டும். அதனைக் கொண்டு ஆக்கி அத்திங்களின் புள்ளிகளை வேறு வண்ணத்தால் காட்டும். எண் எங்கிருந்து வந்தது என்பதும் எண்ணைப் போலவே தரவின் ஒரு பகுதி என்பதை மறத்தலாகாது.

படத்தின் வகையைத் தேர்வதிலும் நேர்மை வேண்டும். கோட்டுப்படம் 310இலிருந்து தொடங்கலாம். மாற்றத்தைக் காட்டுவதே அதன் நோக்கம். தொடங்கும் அளவை அச்சில் தெளிவாக எழுதினால் தவறில்லை. பட்டைப்படத்திற்கு அவ்வாறு செய்தல் பொருந்தாது. பட்டையின் நீளமே அளவென்று கண் நம்புகிறது. 316, 424 ஆகிய இரண்டையும் 310இலிருந்து தொடங்கும் பட்டைகளாக வரைந்தால், ஒன்றின் நீளம் 6, மற்றொன்றின் நீளம் 114 என்றாகும். பின்னது முன்னதைப்போல் 19 மடங்கு என்று காண்போர் மயங்குவர். உண்மையில் பெருகியிருப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. அப்பெருக்கமே பெரிது, அதனைப் பத்தொன்பது மடங்காக்கிக் காட்ட வேண்டியதில்லை. ஒருமுறை மிகைத்துக் காட்டியவன் உண்மை சொன்னாலும் உலகம் ஐயுறும். ஆதலால் 'பட்டைகள் எப்போதும் பூச்சியத்திலிருந்தே தொடங்குக' என்பதை ஆக்கியின் விதியாகவே எழுதி வைத்தல் வேண்டும். வரைபவரின் நினைவை நம்பியிருப்பதைவிட விதியை நம்பியிருப்பது உறுதியானது.

எண்ணிலிருந்து பிறக்க வேண்டியது படம் மட்டுமன்று. படத்தின் கீழுள்ள விளக்கமும் அதே தரவிலிருந்து பிறக்க வேண்டும். 'மிக உயர்ந்த அளவு இத்திங்களில் பதிவாயிற்று' என்னும் தொடரைக் கையால் எழுதிவிட்டால், அடுத்த ஆண்டில் படம் மாறும், தொடர் மாறாது, இரண்டும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும். கண்பார்வை இல்லாதவர்கள் பக்கத்தைக் கணிப்பொறி வாசிக்கக் கேட்கிறார்கள். அவர்களுக்காகப் படத்தின் பொருளைச் சொற்களால் கூறும் விளக்கமும், எண்களின் அட்டவணையும் அதே மூலத்திலிருந்து ஆக்கப்படுதல் வேண்டும்.

இம்முறையின் சிறப்பு, திருத்தம் நேரும்போது வெளிப்படும். கரியமில வாயுவை அளப்பதற்கு அடிப்படையான அளவுகோலை அறிஞர்கள் மேலும் நுணுகி ஆராய்ந்தனர். அமெரிக்க அரசின் கடல் வளிமண்டல ஆய்வு நிறுவனமும் மௌனா லோவாவில் தனியே அளந்து வருகிறது. அது 2021ஆம் ஆண்டில் புதிய அளவுகோலை மேற்கொண்டபோது, பழைய எண்களும் சிறிதளவு மாறின. மாற்றம் ஒரு பங்குக்கும் குறைவே. எனினும் மாற்றம் மாற்றமே. கையால் வரைந்த படங்களாயின் அத்தனையையும் மீண்டும் வரைய வேண்டும். சில விடுபட்டும் போகும். ஆக்கியை வைத்திருப்பவரோ புதிய தரவை இட்டு, ஒரு கட்டளை பிறப்பித்தால் போதும். படங்கள், அட்டவணைகள், விளக்கங்கள் ஆகிய யாவும் ஒருங்கே புதுப்பிக்கப்படும். மாறாத பகுதிகளை விட்டு, மாறிய தரவைச் சார்ந்த பக்கங்களை மட்டும் மீண்டும் ஆக்குமாறும் அதனை அமைக்கலாம்.

இவ்வாறு ஆக்கிய பக்கங்கள் எளியவை. வாசகர் கேட்கும் நேரத்தில் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆகவே சிறு கணிப்பொறியும் பலருக்குப் பரிமாறும். மெல்லிய இணைப்பிலும் பக்கம் விரைந்து வரும். ஆயினும் எல்லாத் தேவைக்கும் இது ஏற்றதன்று. இரயில் வண்டியில் இருக்கை பதிவு செய்யும் தளத்தில், ஒவ்வொரு நொடியும் கணக்கு மாறுகிறது. ஒவ்வொருவருக்கும் வேறு விடை வேண்டும். அங்கே கேட்டபின் சமைப்பதே முறை. நாளுக்கொருமுறையோ திங்களுக்கொருமுறையோ மாறும் கணக்கை எல்லோருக்கும் ஒன்றுபோலக் காட்டுவதற்கே நிலைத்தளம் ஏற்றது.

படத்தைப் பார்த்து ஐயுறும் ஒருவர், தரவையும் விதியையும் பெற்றுத் தாமே ஆக்கிப் பார்க்கலாம். அதே தரவும் அதே விதியும் யார் கையிலும் அதே படத்தையே தருதல் வேண்டும். தந்தால் ஐயம் தீரும். தராவிட்டால் பிழை வெளிப்படும். 'என்னை நம்புக' என்று கூறும் படத்தைவிட, 'என்னைச் சோதித்துப் பார்க்க' என்று கூறும் படம் உயர்ந்ததன்றோ? கீலிங் 2005ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிய கணக்கைப் பிறர் தொடர்ந்தனர். கோடு அவரோடு நின்றுவிடவில்லை. எண்ணை ஒழுங்காக எழுதி, விடுபட்டதை விடுபட்டதென்றே குறித்து, எவரும் மீண்டும் வரையத்தக்கவாறு வைத்துச் செல்பவர், தாம் காணாத தலைமுறைக்கும் உண்மையைக் காட்டுகிறார். படம் வரையக் கற்கும் நாம், அந்த ஒழுங்கையே முதலில் கற்போமாக.